பழைய திரைப்படங்களின் வழியே நீங்கள் தாமதமாகக் கண்டுகொண்ட வேற்றுமொழி நடிகை யார்?

கிரேக்கத்தின் மெலினா மெர்கூரி. ஆனால் அவரை நான் முதலில் நடிகையாக அறியவில்லை. ஏதென்ஸில் உள்ள பண்டைய பார்த்தெனன் கோயிலிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் பளிங்குச் சிற்பங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்று 1982இல் மெக்சிகோவில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில் வாதாடிய பண்பாட்டு அமைச்சராகத்தான் அவர் எனக்கு அறிமுகமானார். அவருடைய பழைய பேட்டி ஒன்றைத் தேடிப் பார்த்தேன். கனத்த, கரகரத்த அந்தக் குரலைக் கேட்டதும், இவர் அமைச்சராவதற்கு முன் என்னவாக இருந்தார் என்று அறியாமல் இருக்க முடியவில்லை.

அப்படித்தான் ஜூல்ஸ் டாசின் இயக்கிய 'நெவர் ஆன் சண்டே' (1960) படத்துக்கு வந்து சேர்ந்தேன். கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தில் தன் விருப்பப்படி வாழும் இல்லியா என்ற பாலியல் தொழிலாளியை, தத்துவப் பித்துப் பிடித்த ஓர் அமெரிக்கர் திருத்த முயல்வதுதான் கதை. அந்த அமெரிக்கராக டாசினே நடித்திருக்கிறார், நடிப்பு சுமார்தான். இல்லியாவோ பண்டைய துன்பியல் நாடகங்களை எல்லாம் தனக்குப் பிடித்தபடி மாற்றி, இறுதியில் அனைவரும் மகிழ்ச்சியாகக் கடற்கரைக்குப் போய்விடுவதாகச் சொல்லி முடிப்பவள். இதை மெர்கூரி பேதைத்தனமாக நடிக்காமல், உலகம் அறிந்த ஒருத்தி தெரிந்தே பிடிக்கும் பிடிவாதமாக நடிக்கிறார். கான் திரைவிழாவில் சிறந்த நடிகைக்கான விருதை அவருக்கும் பிரெஞ்சு நடிகை ழான் மொரோவுக்கும் பகிர்ந்தளித்தார்கள். படத்தில் மெர்கூரி பாடும் பிரேயஸ் பாடலுக்காக, அதை இயற்றிய மனோஸ் ஹாட்ஜிடாகிஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. பயிற்சி பெற்ற பாடகியின் துல்லியம் அவரிடம் இல்லை. பேசிக்கொண்டே இருந்தவர் தன்னை மறந்து பாடத் தொடங்கியதைப் போன்ற நெருக்கம் இருக்கிறது.

1967இல் கிரேக்கத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது நியூயார்க்கில் மேடை நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த அவர் அதை வெளிப்படையாக எதிர்த்ததால், அவருடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. 1974இல் அந்த ஆட்சி வீழ்ந்த பிறகே நாடு திரும்பினார். அரசியல் வாழ்க்கையைத் தனிப் பதிலாகத்தான் எழுத வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை அவருடைய ஆகச் சிறந்த படம், அவர் திரையில் அறிமுகமான, ஆனால் நான் எல்லாவற்றுக்கும் பிறகே பார்த்த 'ஸ்டெல்லா' (1955). நாடக மேடையில் பல ஆண்டுகள் நடித்துவிட்டு, முப்பதுகளின் நடுவில்தான் அவர் திரைக்கு வந்தார். அதனாலேயே புதுமுகத்தின் தயக்கம் எதுவும் அவரிடம் தெரியவில்லை. மிகாலிஸ் காகோயானிஸ் இயக்கிய இப்படத்தில் ஸ்டெல்லா ஒரு மதுக்கூடப் பாடகி. காதலிப்பாள், ஆனால் திருமணம் என்றால் ஒருவருக்கு உடைமையாவது என்று அஞ்சுபவள். கால்பந்து வீரனான மில்டோஸின் வற்புறுத்தலுக்கு இணங்கியவள், மணநாளன்று தேவாலயத்துக்குப் போவதே இல்லை.

முடிவை அறிய விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். காதலை இருபுறமும் கூரான கத்தி என்று சொல்லும் ஒரு பாடலை, இதுவும் ஹாட்ஜிடாகிஸ் இசையமைத்ததுதான், ஸ்டெல்லா படத்தில் பாடுகிறாள். கடைசிக் காட்சியில் ஆளில்லாத தெருவில் மில்டோஸ் உண்மையாகவே கத்தியோடு நிற்கிறான். என் கையில் கத்தி இருக்கிறது, போய்விடு என்று அவனே எச்சரிக்கிறான். அவள் நடையின் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.