மேடா, இருட்டா? அட்டன் சைக்கிள் கடைக்காரரிடம் கேள்வி பதில்

சைக்கிள் பழுது பார்ப்பது என் தொழில், சைக்கிள் விளக்கு என் கிறுக்கு. கேளுங்கள்.

கொட்டகலைத் தங்கச்சி: அண்ணா, காலையில் சைக்கிளில் போகவிடும் அம்மா, ஆறரைக்கு டியூஷன் விட்டு வர மட்டும் விடமாட்டேன் என்கிறார். அதே ரோடுதானே?

ரோடு அதேதான், கண்ணுக்குத் தெரிவது அதே இல்லை. பகலில் தூரத்திலேயே தெரிகிற குழி, இரவில் முன்சக்கரத்துக்குக் கிட்ட வந்த பிறகுதான் தெரியும். விபத்துப் பயம் மட்டுமும் இல்லை. தேயிலைக்குள் யார் நிற்கிறார் என்று தெரியாத பயமும் உண்டு. அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். இன்னும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து வந்தால் கேட்டுப் பாருங்கள்.

தலவாக்கலை: எந்த டோர்ச் நல்லது?

முதலில் பின்பக்கம் சிவப்பு விளக்கு பூட்டுங்கள். லொறி பின்னால்தான் வரும்.

நுவரெலியா, ஓய்வுபெற்ற மாஸ்டர்: தம்பி, மலையில் ஆட்கள் சைக்கிள் ஓட்டாததற்கு மேடுதான் காரணம். இருட்டின் மேல் பழி போடாதீர்கள்.

சேர், மேடு காலை எட்டு மணிக்கும் அங்கேதானே இருக்கிறது? மாலை ஏழுக்கு மட்டும் ஆட்கள் ஏன் குறைகிறார்கள்? இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் மேடும் பள்ளமுமான ஊர்தான். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் ஜிம் அட்லி, ஸ்டீவ் ஃபோடியோஸ் இருவரும் அமெரிக்காவின் ஆர்லிங்டனில் சைக்கிளையும் நடப்பவர்களையும் எண்ணி எடுத்த கணக்கை வைத்து 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அங்கே வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவார்கள். அதனால் போன வாரம் வெளிச்சமாக இருந்த அதே மணி இந்த வாரம் இருட்டாகிவிடும். வேலை விடும் நேரம் மாறவில்லை, வெளிச்சம் மட்டும் மாறியது. இருட்டில் சைக்கிளும் குறைந்தது, நடப்பவர்களும் குறைந்தார்கள்.

மாஸ்டர்: நமக்குக் கடிகார மாற்றம் ஏது?

1996இல் மாற்றி, 2006இல் பழையபடி ஆக்கியதோடு சரி. ஆனால் ஜூலையில் சூரியன் ஆறரை அளவில் மறைகிறது, நவம்பரில் 5.50க்கு முன்பே. மாலை 6.15 முதல் 6.30 வரை இரண்டு மாதங்களிலும் சைக்கிள்களை எண்ணுங்கள்.

மாஸ்டர்: நவம்பரில் மழை தம்பி!

நல்ல கேள்வி, அந்த ஆய்வுக்காரர்களும் இதை யோசித்தார்கள். எப்போதும் வெளிச்சமாக இருக்கும் ஒரு மணியையும் கூடவே எண்ணினார்கள். மழை இரண்டையும் குறைக்கும், இருட்டு ஒன்றைத்தான் குறைக்கும். நாம் நாலரை மணியை எடுக்கலாம்.

பண்டாரவளை: அப்படியென்றால் ரோடு முழுக்கப் பெரிய விளக்கு வேண்டுமா?

வேண்டாம். இங்கிலாந்தின் பர்மிங்காமில் பார்த்த 2020 ஆய்வில், கொஞ்ச வெளிச்சமே பெரிய வித்தியாசம் செய்தது. அதற்கு மேல் கூட்டியதில் பலன் அவ்வளவு இல்லை. ஒரு சந்தியில் பத்து விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த வளைவை இருட்டில் விடுவதுதான் நம் ஊர் வழக்கம்.

மஸ்கெலியா: டைனமோ போதுமா அண்ணே?

ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கும்போது மங்கும், நின்றால் அணையும். நமக்கு பேட்டரிதான். பனிமூட்டத்தில் நெற்றி லைட் போடாதீர்கள், எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். விளக்கைக் கீழே பூட்டுங்கள். பின் சிவப்பு இருக்கிறதா?

பதுளை: பளிச்சென்ற பச்சை ஜாக்கெட் வாங்கினேன், சரிதானே?

அந்தப் பச்சை பகலுக்கு. இரவில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பட்டியைக் கணுக்காலில் கட்டுங்கள். கால் மேலும் கீழும் போவதைப் பார்த்தால் ஓட்டுநருக்கு மனிதன் என்று சட்டென்று புரியும்.

கண்டி: எந்த டோர்ச்...

மேலே பாருங்கள்.

வெலிமடை: மோட்டார் சைக்கிளுக்கு எல்ஈடி...

அது என் கடை வேலை இல்லை.

மாஸ்டர்: சரி, நவம்பரில் நானே எண்ணுகிறேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கவா?

அங்கே எப்போதும் வெளிச்சம் சேர். விளக்குக் கம்பங்கள் முடிகிற இடத்தில் நில்லுங்கள். கணுக்காலில் பட்டி கட்டிக்கொண்டு.