கார் இடது பக்கமே இழுக்குதுங்க, சர்வோவை மாத்தணுமா?

கேள்வி: பையனுக்கு 1:10 அளவு ரிமோட் கார் 14,000 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேனுங்க. ரெண்டே மாசத்துல, திருப்பினா ஒழுங்காத் திரும்புது, ஆனா நேரா ஓடாம இடது பக்கமே இழுக்குது. சர்வோ (முன்சக்கரத்தைத் திருப்புற சின்ன மோட்டார்) போயிருச்சு, 2,200 ஆகும், கூடவே 1,800 ரூபாய்க்குச் சக்கரக் கோணம் அளக்குற அலைன்மென்ட் செட்டும் வாங்கிக்கோங்க என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
- வாசகர், காங்கயம்

பதில்: இப்போதைக்கு ரெண்டும் வேண்டாமுங்க. சர்வோ கெட்டால் சக்கரம் நடுங்கும், கிர்ரென்று இரையும், இல்லாவிட்டால் திரும்பவே திரும்பாது. உங்கள் கார் ஒழுங்காகத் திரும்புகிறது, நேராகத்தான் ஓடவில்லை.

முதலில் தேங்காய்க் களத்தில் விட்டுப் பாருங்கள். மழைத்தண்ணி வடிய களத்துக்கு வாட்டம் விட்டிருப்பார்கள், அதனால் போகும்போதும் வரும்போதும் கவனிக்க வேண்டும். ரெண்டு தடவையும் காருக்கு இடது பக்கமே போனால்தான் குறை காரில். அடுத்து முன்சக்கரம் ரெண்டையும் இடம் மாற்றி மாட்டுங்கள். இழுவையும் பக்கம் மாறினால் கோளாறு டயரில், வேலை முடிந்தது.

மாறாவிட்டால் காரை ஒரு டப்பா மேல் தூக்கி வைத்து, ரிமோட்டை முதலிலும் காரை அடுத்தும் ஆன் செய்து, ரிமோட்டில் நேர் நிலையைக் கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்தும் ஸ்டியரிங் ட்ரிம் குமிழை நடுவில் வையுங்கள். சர்வோவின் பல்லுள்ள தண்டில் மாட்டியிருக்கும் கையைக் கழற்றி, முடிந்தவரை நேராக இருக்கும் பல்லில் மாட்டுங்கள். 25 பல் சர்வோவில் ஒரு பல்லுக்கு 14.4 டிகிரி, அதனால் அச்சு அசலாக நேராக அமையாது. மிச்சத்துக்குத்தான் ட்ரிம். பலர் ட்ரிம்மையே கடைசி வரை திருகிச் சமாளிக்கிறார்கள்; அப்புறம் ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும், மறுபக்கம் திரும்பாது.

பிறகு டை ராடு, அதாவது ஸ்டியரிங்கையும் முன்சக்கரத்தையும் இணைக்கும் கம்பி. மரை உள்ள கம்பி என்றால் ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை. கழற்றவே வேண்டாம், நடுவில் ஸ்பேனர் போட்டுத் திருகினால் நீளும், குறுகும். கம்பி அச்சுக்குப் பின்னால் இருந்தால், நீட்ட நீட்டச் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே வரும். முன்னால் இருந்தால் தலைகீழ். ரெண்டு சக்கரமும் நேராக, அல்லது ஒரு டிகிரி வெளியே பார்த்தபடி இருந்தால் போதும். பின்சக்கரம் ரெண்டு மூணு டிகிரி உள்ளே பார்ப்பது பெரும்பாலும் செய்யும்போதே வைத்த அமைப்பு, அதைத் தொடாதீர்கள்.

சக்கரத்தின் தலை உள்ளே சாய்வதை அளக்க 1,800 ரூபாய்ச் செட் எதற்கு? பையனின் ஜாமெட்ரி பாக்ஸில் மூலைமட்டம் இருக்கிறதே. பேட்டரியைப் போட்டு, காரை ஒருமுறை அமுக்கி விட்டபின் பாருங்கள். ஒன்று, ரெண்டு டிகிரி சாய்வு சரி. இடமும் வலமும் ஒத்திருப்பது அதைவிட முக்கியம்.

கம்பியோ கையோ வளைந்திருந்தால் சுவரில் மோதிய வேலை, அதற்கு வாரண்டி கேட்க முடியாது. மோதாமலே சர்வோ போயிருந்தால் பில்லோடு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: அஞ்சு வயசுக் குழந்தைக்கும் இதே மாதிரி காரே வாங்கலாமுங்களா?
- வாசகி, பல்லடம்

பதில்: வேண்டாமுங்க, அந்த வேகம் குழந்தைக்கு ஆகாது. பொம்மைக் கார் போதும். அதில் டை ராடெல்லாம் திருக முடியாது. இருந்தால் அடிவயிற்றில் ஒரு ட்ரிம் திருகி இருக்கும், அவ்வளவுதான். பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம்.