யானை நிச்சயம் என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: திருப்பூரிலிருந்து சொந்தக் காரில் ஊட்டிக்கு வருகிறோம். உடன் 70 வயது அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு நாள் முதுமலைக்குப் போய் விலங்குகளைப் பார்த்துவிட்டு அன்றே திரும்ப வேண்டும். விடுதியில் அறிமுகமான ஒருவர் மசினகுடியில் ஜீப் சஃபாரி ஏற்பாடு செய்வதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். யானை நிச்சயமாம், இருட்டிய பிறகு போனால் சிறுத்தைகூடத் தெரியுமாம். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அவர் சொல்வதில் எதுவும் அவர் கையில் இல்லை.

முதலில் அந்த ஜீப் எங்கே போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்தின் சஃபாரித் தடத்தில் பயணிகளை ஏற்றிச் செல்வது தெப்பக்காடு வரவேற்பு மையத்திலிருந்து வனத்துறை அனுப்பும் வண்டிகள்தான். மசினகுடிக் கடைத்தெருவில் கூவி அழைக்கும் ஜீப்புக்கு அந்தத் தடத்தில் வேலை இல்லை. அது உங்களை மாயார் சாலையிலும் பொக்காபுரம் பக்கமும் மரவகண்டி அணைப் பக்கமும் சுற்றிக் காட்டும். பெரும்பாலும் ஊர்க்காரர்கள் அன்றாடம் போய்வரும் சாலைகள் அவை. அங்கே யானை தெரியாதா என்றால், தெரியும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவருக்கும் தெரியும். அதற்குத்தான் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். ‘சாலையில் ஒன்றும் தென்படவில்லை, உள்ளே ஓர் இடம் இருக்கிறது’ என்று மண் தடத்தில் வண்டியை இறக்கினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அனுமதியில்லாமல் காப்பகத்துக்குள் நுழைவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ‘எனக்குத் தெரியாது, ஜீப்காரர்தான் கூட்டிவந்தார்’ என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்கள்.

இரவுச் சஃபாரி என்ற பேச்சையே எடுக்காதீர்கள். முதுமலையில் அப்படி ஒன்று கிடையாது. நடப்பது இதுதான்: ஜீப்பின் மேல் ஒருவர் நின்று பெரிய டார்ச்சைப் புதருக்குள் அடிப்பார். வெளிச்சம் கண்ணில் பட்ட யானை சட்டென்று நின்றுவிடும், காதுகள் விரியும், குட்டி தாயின் வயிற்றுக்கடியில் ஒதுங்கும். படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்பார் ஜீப்காரர். அந்தக் கூட்டம் தண்ணீருக்குப் போகும் வழியை மறித்து நிற்கிறோம் என்பதை அவர் சொல்ல மாட்டார். அது துரத்தினால் அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

2021 ஜனவரியில் இதே மசினகுடிப் பகுதியில் விடுதிப் பக்கம் வந்த ஆண் யானை மீது எரியும் பொருளை வீசினார்கள். தீக்காயத்தோடு அலைந்து அது செத்தது. இந்தப் பகுதியை சீகூர் யானை வழித்தடமாக அரசு அறிவித்தது செல்லும் என்று 2020 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் தரகு நிற்கவில்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் சாலை பிரியும் தலைகுந்தாவிலும், கூடலூரிலும் ஆளுயரப் பலகை ஒன்று வைத்து, எந்த வண்டிக்கு அனுமதி, என்ன கட்டணம் என்று பெரிய எழுத்தில் எழுத எவ்வளவு செலவாகிவிடும்? 2024 மே முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் கட்டாயம். வருகிற ஒவ்வொரு குடும்பத்தின் தொலைபேசி எண்ணும் அரசிடம் இருக்கிறது. ‘தனியார் ஜீப் சஃபாரிக்குப் பணம் கொடுக்காதீர்கள்’ என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் பாதித் தரகர்கள் கடையைக் கட்டிவிடுவார்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்காக டிக்கியைத் திறந்து பார்க்க ஆள் இருக்கும்போது இதைச் சொல்ல ஆள் இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம். வனத்துறை வேனில் போங்கள். காலையிலும் பிற்பகலிலும் விடுகிறார்கள். முன்பதிவு செய்வதானால் காப்பகத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் செய்யுங்கள். அதே பெயரை ஒட்டிவைத்துக்கொண்டு ‘சஃபாரி புக்கிங்’ செய்கிற தனியார் தளங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு கடைசியில் மசினகுடி ஜீப்பில்தான் ஏற்றும். கோடையில் காட்டுத்தீ அச்சத்தால் சஃபாரியை நிறுத்திவைப்பதும் உண்டு. கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள்.

வேனில் போனாலும் யானை நிச்சயம் இல்லை. சாலையின் இருபுறமும் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. பத்தடி தள்ளிக் காட்டுமாடு நின்றாலும் தெரியாது. புள்ளிமான், மயில், மந்தி கட்டாயம் கண்ணில் படும். மரத்தின் மேல் மந்தி ஒரே இடத்தைப் பார்த்து விடாமல் கத்தினால் பிள்ளைகளைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் பாருங்கள். கீழே சிறுத்தையோ புலியோ நடந்துகொண்டிருக்கலாம்.

அம்மாவுக்கு ஏற்றது தெப்பக்காடு யானைகள் முகாம். நூறாண்டுக்கும் மேல் பழைய முகாம். காலை எட்டரை மணி வாக்கில் யானைகளை வரிசையாக நிறுத்தி, ராகி, கொள்ளு, அரிசி, வெல்லம் சேர்த்துப் பிசைந்த பெரிய கவளங்களைப் பாகன்கள் வாய்க்குள் ஊட்டுவார்கள். அதிகம் நடக்காமல் பார்க்கலாம். இங்கே மட்டும்தான் யானை நிச்சயம்.

வழி விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதை வழியாகத் தெப்பக்காடு சுமார் 36 கிலோமீட்டர், கூடலூர் வழியாக 67. வெளியூர்ப் பதிவெண் உள்ள கார்களைக் கல்லட்டியில் இறங்க விடுவதில்லை. 36 கொண்டை ஊசி வளைவுகள். பழக்கமில்லாதவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறி, பாதியில் பிடிக்காமல் போகும். 2018-இல் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் அங்கே பள்ளத்தில் விழுந்து யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். இந்தத் தடைக்கு விலக்கு உண்டு: நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 உள்ள வண்டி இறங்கலாம். தரகர் பிடிப்பது இந்த விலக்கைத்தான். ‘உங்கள் கார் போகாது, உள்ளூர் வண்டி தருகிறேன்’ என்பார். அதில் பொய் இல்லை. ஆனால் வருவது மஞ்சள் பலகை டாக்சியா, வெள்ளைப் பலகைச் சொந்தக் காரா என்று பாருங்கள். வாடகைக்கு ஓட்டும் சொந்தக் காரில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும். டிஎன் 43 என்று பலகையில் இருப்பதால் மட்டும் அது டாக்சி ஆகிவிடாது, ஓட்டுகிறவர் மலைப்பாதையில் பழகியவர் என்றும் ஆகிவிடாது. டாக்சிதான் என்றால் தாராளமாகப் போகலாம். இறக்கிவிட மட்டும் கூலி பேசுங்கள், ஜீப்பையும் விடுதியையும் அதோடு சேர்க்க விடாதீர்கள்.

உங்களிடம் கார் இருக்கிறது. விடியற்காலையில் கிளம்பி, பைக்காரா, நடுவட்டம், கூடலூர் வழியாக இறங்குங்கள். எட்டு மணிக்குத் தெப்பக்காட்டில் இருந்தால் சஃபாரிக்கு இடம் கேட்டுவிட்டு முகாமுக்குப் போகலாம். திரும்பும்போது கல்லட்டியில் ஏற உங்கள் காருக்கும் தடை இல்லை. ஏற்றத்தில் பழக்கம் உண்டென்றால் அப்படி வாருங்கள், இல்லையென்றால் வந்த வழியே. எதுவானாலும் இருட்டுவதற்குள் மலை ஏறிவிடுங்கள்.

முன்பணம் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், வனத்துறை ரசீது எங்கே என்று அவரிடம் கேளுங்கள். தர முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் அவருடைய தொலைபேசி எண்ணோடு தெப்பக்காடு வனத்துறை அலுவலகத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள்.