முதல்முறை பனிச்சறுக்கு: நிசேகோ வேண்டாம், யுசாவா போங்கள்

பிப்ரவரியில் ஆறே நாள், டோக்கியோவில் இறங்கி, சறுக்கிப் பழக்கமே இல்லாத மனைவியையும் எட்டு வயது மகளையும் நிசேகோ கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் இந்த முறை வேண்டாம். பனிச்சறுக்குக்குப் பேர்போன நிசேகோ இருப்பது ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில். மறுபடி விமானம் ஏறி நியூ சிட்டோசேயில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் இரண்டரை மூன்று மணி நேரம் என்று போக ஒரு நாள், வர ஒரு நாள் வழியிலேயே கரைந்துவிடும். அங்கே விழும் மாவு போன்ற உலர்ந்த பனியின் அருமை ஓரளவு சறுக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் பிடிபடும்.

எச்சிகோ யுசாவா போங்கள். டோக்கியோ ஸ்டேஷனில் ஜோயெட்சு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். பக்கத்திலேயே காலா யுசாவா, ஸ்டேஷனை ஒட்டியே பனிச்சறுக்கு மையம். உடை, பூட்ஸ் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும், கையுறை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நாலு தடவை விழுந்தால் ஊறிப்போய் முழங்காலில் விறைத்து நிற்கும்.

அப்புறம் பூட்ஸ். நேராக நின்றால் கட்டைவிரல் முன்னால் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். தாராளமாக இருக்கிறதே என்று பெரிய அளவை எடுத்துவிடாதீர்கள், உள்ளே குதிகால் தூக்கினால் சறுக்குப் பலகை சொன்ன பேச்சு கேட்காது. மகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லித்தரும் சறுக்கு வகுப்பை முன்பே பதிவு செய்துவிடுங்கள். பிப்ரவரி 11, 23 இரண்டும் அங்கே அரசு விடுமுறை, கூட்டம் நெரியும், அந்த நாட்களைத் தவிருங்கள்.