ஃபாஸ்டர் பிள்ளையைத் தத்தெடுக்க: அம்மாவின் போன் நம்பரை மறைக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். நீதிமன்ற உத்தரவின்படி ஒரு பெண் பிள்ளை ஆறு வருடமாக ஃபாஸ்டர் கேரில் (தத்தெடுக்காமல் வளர்க்கும் தற்காலிகப் பராமரிப்பில்) எங்களிடம் வளர்கிறாள், வயது 11. அப்பா யாரென்றே தெரியாது. அம்மா கடைசியாக வந்து பார்த்து இரண்டு வருடமாகிறது, போன் நம்பர் மட்டும் உண்டு. தத்தெடுக்க ஆசை. "நம்பரைச் சொல்லாதே, வந்து தகராறு பண்ணுவாள்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். ஃபாஸ்டர் பிள்ளைக்காக அரசு தரும் உதவித்தொகையும் நின்றுபோகுமா?

பதில்: நம்பரை இன்றைக்கே சோஷியல் வொர்க்கரிடம் கொடுத்துவிடுங்கள். சம்மதம் கேட்க வேண்டிய தாயைக் கேட்காமல் தத்து உத்தரவு வாங்கினால், அதை ரத்து செய்யச் சொல்லி அவர் இரண்டு வருடத்துக்குள் நீதிமன்றம் போகலாம். உங்கள் சொந்தக்காரர்கள் பயப்படும் தகராறு அப்போதுதான் வரும்.

2005-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் குழந்தைகள் சட்டப்படி, தாய் சம்மதித்தால் குழந்தைகள் நீதிமன்ற அதிகாரி முன் கையெழுத்திடுவார். 60 நாளுக்குள் மனம் மாறித் திரும்பப் பெறவும் அவருக்கு உரிமை உண்டு. வாய் திறக்காவிட்டால் ஷெரிஃப் (நீதிமன்ற நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அதிகாரி) மூலம் நோட்டீஸ் போகும். கையில் கிடைத்து 30 நாளில் பதில் வராவிட்டால் அவர் சம்மதம் தேவையில்லை. பல மனுக்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். கோப்பில் இருக்கும் பழைய விலாசத்துக்கு நோட்டீஸ் போகும், அங்கே வேறு யாரோ குடியிருப்பார்கள், ஷெரிஃப் "சேர்க்க முடியவில்லை" என்று எழுதித் திருப்பிவிடுவார். 30 நாள் கணக்கு தொடங்கவே தொடங்காது. நீங்கள் ஒளித்துவைக்க நினைக்கும் நம்பர்தான் புது விலாசத்தைக் கண்டுபிடித்துத் தரும்.

கடந்த 12 மாதமாகத் தாய் தன் கடமையைத் தொடர்ந்து செய்யவில்லை என்று நிரூபித்தாலும் சம்மதம் வேண்டியதில்லை. "ரொம்ப நாளாக வரவில்லை" என்று சொன்னால் மட்டும் போதாது. கடைசியாக வந்த தேதி, போன் வந்த நாள், பிறந்தநாளுக்கு ஏதாவது அனுப்பினாரா என்பதெல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் இருக்கட்டும்.

யாரென்று தெரியாத தந்தையின் சம்மதம் தேவையில்லை. பிள்ளையின் சம்மதம் கட்டாயம் வேண்டும், 10 வயது தாண்டிவிட்டாளே. கோர்ட் வராந்தாவில் வைத்துச் சொல்லாமல் முன்பே பேசிவிடுங்கள்.

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து மனு செய்யுங்கள். தத்து வேலை பார்க்கும் சோஷியல் வொர்க்கரின் அறிக்கையும், மாகாண சமூக மேம்பாட்டுத் துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதமும் கூடவே போக வேண்டும். குழந்தைகளுக்குத் தீங்கு செய்தோர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்ற சான்றிதழுக்கு முதல் நாளே எழுதிப்போடுங்கள். கோயிலில் செய்யும் சுவீகாரச் சடங்கு மனநிறைவுக்கு நல்லது. நீதிமன்ற உத்தரவுக்கு ஈடாகாது.

ஆம், ஃபாஸ்டர் உதவித்தொகை நிற்கும். வருமானம் வரம்புக்குள் இருந்தால் குழந்தை ஆதரவு உதவித்தொகை கேட்கலாம். அது ஃபாஸ்டர் தொகையில் பாதிக்கும் குறைவு. வசதி குறைவு என்பதற்காகத் தத்தை மறுக்க முடியாது. ஆனால் உயில் எழுதாமல் நீங்கள் இறந்தால் ஃபாஸ்டர் பிள்ளைக்கு ஒரு காசு வராது, தத்துப் பிள்ளைக்குப் பெற்ற பிள்ளையின் பங்கு உண்டு.

மனு முடியும்வரை ஃபாஸ்டர் உத்தரவு காலாவதியாக விடாதீர்கள்; பெரும்பாலும் இரண்டு வருடம்தான் அதற்கு ஆயுள். தத்து உத்தரவு வந்தபின் உள்துறை அலுவலகத்தில் பிறப்புப் பதிவை மாற்றுங்கள். பள்ளியில் பெயர் மாற்றப் புதுப் பிறப்புச் சான்றிதழோடு போனால் போதும்.