மாணவர்கள் எடுத்த புகைப்படங்களைப் பள்ளியில் காட்சிக்கு வைக்கும்போது போட்டியும் பரிசும் அவசியமா?

அவசியமில்லை. முதலில் கண்காட்சி, போட்டி வேண்டுமென்றால் அப்புறம்.

உளவியலாளர் தெரசா அமபிலி 1982-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருந்தும். 7 முதல் 11 வயதுச் சிறுமிகள் காகிதத் துண்டுகளை ஒட்டிப் படம் செய்தார்கள். ஒரு குழுவுக்கு, நன்றாகச் செய்பவருக்கே பரிசு; இன்னொரு குழுவுக்குக் குலுக்கலில் பரிசு. ஓவியர்கள் மதிப்பிட்டபோது போட்டிக் குழுவின் படைப்புகளில்தான் புதுமை குறைவு.

புகைப்படத்திலும் அப்படித்தான். பரிசு என்றதும் சூரிய அஸ்தமனமும் சுருக்கம் விழுந்த பாட்டி முகமும் வந்து குவியும். நடுவருக்கு எது பிடிக்கும் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்!

ஆனாலும் போட்டியால் ஒரு நன்மை உண்டு. கடைசித் தேதி என்று ஒன்று இருந்தால்தான் பலர் போனில் கிடக்கும் நூறு படங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தத் தேர்வே பெரிய பயிற்சி. ஆகவே ஒருவருக்கு ஒரு படம் என்று கேளுங்கள், எல்லாவற்றையும் ஒரே அளவில் மாட்டுங்கள். பரிசு கொடுத்தே ஆகவேண்டும் என்றால் கடைசி நாளில் கொடுங்கள். நடுவர் ஏன் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று எல்லார் முன்னிலும் சொல்லட்டும்.

அச்சு விஷயம்: போன் படம் பெரும்பாலும் 4:3 விகிதம். 6×8 அங்குலத்தில் போட்டால் ஓரம் வெட்டுப்படாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். மாட்டும் உயரம் பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு இருக்கட்டும், தலைமையாசிரியரின் கண்மட்டத்துக்கு வேண்டாம்.