கம்பஸால பசியைக் குறைக்கேலுமோ?

கம்பஸ் எண்டா சேர்டிபிக்கட் குடுக்கிற இடம்தானே, அது எப்பிடி ஆக்களின்ர பசியைப் போக்கும் எண்டு கேட்டிருக்கிறியள். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

2021ல இலங்கை அரசாங்கம் ரசாயன உரத்தைத் திடீரெண்டு நிப்பாட்டினது, ஞாபகம் இருக்கும். அதே வருசம் நவம்பரில திரும்ப விட்டது, ஆனா அதுக்குள்ள நெல்லு விளைச்சல் விழுந்து 2022ல கனபேர் ஒரு நேரச் சாப்பாட்டைக் குறைச்சவை. அதுக்காக யூரியாவை அள்ளிக் கொட்டுறதும் சரியில்லை, ஏனெண்டா யாழ்ப்பாணத்துக்குக் கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, வெங்காயத் தோட்டத்துக்குப் போட்ட உரம் மழையோட இறங்கி நேர கிணத்துக்கத்தான் போகும், நாங்கள் குடிக்கிறதும் அந்தத் தண்ணிதான். அந்த உரத்தில இருந்து வாற நைட்ரேட் குடிதண்ணியில லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல போகப்படாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, இஞ்ச அதைத் தாண்டின கிணறுகள் இருக்கு. இதிலதான் கம்பஸின்ர வேலை: மண்ணையும் தண்ணியையும் சோதிச்சு, இந்தக் காணிக்கு இவ்வளவு உரம் காணும் எண்டு தோட்டக்காரருக்கு விளங்கிற மாதிரிச் சொல்லோணும். யாழ் பல்கலைக்கழக விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலதான் இருக்கு, சுத்திவர வயல், பிறகென்ன. ஆராய்ச்சியை இங்கிலிசில எழுதி அலுமாரிக்க பூட்டி வைச்சா ஆருக்கு லாபம்?

மற்றது கன்ரீன். மிஞ்சிற சோத்தைக் கொட்டாம முதல் நாளே கணக்கெடுத்துச் சமைக்கலாம், கோதம்பை மா ரொட்டிக்குப் பதிலா கிழமைக்கு ரெண்டு நாள் குரக்கன் புட்டு, ஒடியல் கூழ் போடலாம். பெடியள் முதல்ல முகத்தைச் சுழிப்பாங்கள்தான், ஆனா கூழுக்க நண்டு கிடந்தா ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்.